திரைக்குப் பின்னால் அம்மாவின் குரல்

ஒரு பாடகியின் பாட்டை நான் நிறுத்தினேன். அது போதாதென்று, சபையோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். பேரப்பிள்ளை கண்டபின் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில், டுசெல்டோர்ஃபில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவர் ஜப்பானில் பேர்பெற்ற கதைப்பாட்டுப் பாடகி. மகளின் வேலைக்காக இங்கே வந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வேலையால் வரும்வரை நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். அந்தப் பாட்டில் பாடுபவர் முன்னால் நிற்பார். தந்தி வாத்தியக்காரர் திரைக்குப் பின்னால் மறைந்திருந்து, பாடுபவரின் மூச்சைக் கேட்டே வாசிப்பார். இந்தப் பாடகிக்கு வாசித்தவர் அவருடைய கணவர். கணவர் இறந்தபின் அவர் பாடவில்லை. புத்தாண்டு விழாவுக்கு ஜப்பானியர்கள் வருந்திக் கேட்டபோது சம்மதித்தார். கணவர் வாசித்த கசெட் ஒன்று மிஞ்சியிருந்தது; அதைத் திரைக்குப் பின்னால் ஓடவிட்டுப் பாடுவதாக ஏற்பாடு. தேய்ந்துவிடும் என்று ஒத்திகைக்குக்கூட அதைப் போடமாட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் மாமாவுக்குக் குரல் பதிந்து கொடுத்துவிட அம்மா கசெட் தேடினார். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. கீழே அவர் தேநீர் ஊற்றப் போன நேரம், மேசையில் இருந்த கசெட்டை ஓடவிட்டேன். சத்தமே இல்லை. வெறும் கசெட் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

“எங்கையடா எடுத்தனீ?” என்றார் அம்மா.

“பள்ளிக்கூடத்திலை தந்தவை.”

“ஒரு பக்கமெண்டாலும் அழாமல் கதையும்,” என்றார் அப்பா.

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். அம்மாவின் குரல் நின்ற இடத்தில் தந்தி அதிர்ந்தது. சட்டென்று நிறுத்தினேன். கசெட் பழுது என்று சொல்லி, மாலையே திருப்பி வைத்தேன். அம்மா மாமாவுக்குக் கடிதம் எழுதினார்.

விழாவில் பாடகி நிமிர்ந்து நின்று மூச்சிழுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்: “அண்ணை, சுகமா இருக்கிறியளோ? இங்கை சரியான குளிர்…” முன்வரிசைக் கிழவர் ஏதோ சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பாடகி என்னைப் பார்த்தார். அதன்பின் அவர் எங்கும் பாடவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அம்மா இறந்த வருடம், முதியோர் இல்லத்தில் அவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

“தெரியும்,” என்றார் ஜெர்மனில். “மறுநாள் நீ வருவாய் என்று தேநீர் வைத்திருந்தேன்.”

வாத்தியக்காரர் ஒருவரைத் தேடிக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்து, அந்தக் கசெட்டைப் போட்டார். அம்மா பேசி முடிக்கும்வரை தலைகுனிந்து காத்திருந்தார். பிறகு கணவர் வாசித்தார், வாசித்து நிறுத்தினார். பாடகியின் உதடு திறந்தது. குரல் வரவில்லை.

நாடா சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வெறும் கசெட் என்று நான் நினைத்ததும் இதைத்தான். அவர் பாடுவதற்காகக் கணவர் விட்டிருந்த இடம்.