துலுக்கானத்தின் மூச்சும் நடுக்கோடும்

சென்னீர்குப்பத்துத் துலுக்கானம் பிறந்தபோது அவன் ஆத்தா நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "இன்னாடி இது, கருவாட்டுக்கு முத்தம் குடுத்தா மாதிரி கீது" என்றாளாம். அந்தக் கரிப்பு அவனை விட்டுப் போகவேயில்லை. வயலில் நின்றால் முதுகில் உப்புப் பூக்கும். ஆடுகள் வந்து நக்கும். கூடவே ஓயாத இருமல், நெஞ்சு நிறையச் சளி. அண்ணன்கள் இரண்டு பேரும் அதே இருமலில் போய்ச் சேர்ந்தார்கள். இவன் மட்டும் எமனுக்கு வாய்தா சொல்லிக்கொண்டே இருந்தான்.

உயிரெல்லாம் சடுகுடுவில். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிராளியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் அவுட்டு. மீசை முளைத்த வருஷம் பக்கத்து ஊர் நூம்பல்காரர்களின் கடைசிக் கோடு வரைக்கும் போய் வந்தான். அடுத்த காணும் பொங்கலுக்குப் பாதி களம். அதற்கடுத்து நாலடி. பூந்தமல்லி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வைத்தியர் ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார். மூச்சு இரண்டு பேரையும் மதிக்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனம் இந்தப் பக்கம் ஓடிவந்ததற்கு அடுத்த பொங்கல். ஆட்டத் தலைவன் நாகப்பன் சொன்னான்: "இந்த வாட்டி வெளிய குந்திக்க, மச்சான். கோட்டத் தாண்டறப்பவே இருமறே."

"எனுக்கு இப்பவே பாடை கட்றியா? ஒரு தபா அனுப்பு. பாட்டு அறுந்துச்சுன்னா அப்பால ஊட்ல குந்திகினு நெல்லு குத்தறேன்."

"அதுக்கும் மூச்சு வேணும்டா!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் அவன் அக்கா வேம்புலியம்மாள்.

முன்பெல்லாம் அவன் வந்தால் நூம்பல்காரர்கள் பின்னால் ஓடுவார்கள். இப்போது நடுக்கோட்டை ஒட்டியே இளித்துக்கொண்டு நின்றார்கள். "வா நைனா, சளிய துப்பிட்டுப் போ" என்றான் அவர்களில் பெரியவன் தங்கவேல்.

துலுக்கானம் பாடிக்கொண்டே ஓரடி வைத்தான். குரல் கம்மியது.

"புடிங்கடா!" அத்தனை பேரும் மேலே விழுந்தார்கள்.

அவனுக்கு வேண்டியதும் அதுதான். கோடு குதிகாலுக்குப் பின்னாலேயே இருந்தது. மல்லாக்கச் சாய்ந்தான். வியர்வையில் பிடித்த கைகளெல்லாம் வழுக்கின. கை கோட்டைத் தொடும்வரை 'குடு குடு' என்ற முனகல் அறவில்லை. அவனைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் அவுட்டு. அதற்கப்புறம்தான் இருமினான், ரத்தம் வர.

"அடுத்த வருசம் இன்னா பண்ணுவே, மச்சான்?" என்று பக்கத்தில் குந்தினான் நாகப்பன்.

"கோட்ட எங்க ஊட்டு வாசல்ல போடுங்கடா. படுத்துகினே தொடறேன்."

வேம்புலியம்மாள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, சிவப்புத் தெரியாமல் மடித்துக்கொண்டாள். "மொதல்ல எயுந்திரு, கருவாடு. ஆடுங்க வருது."