பத்து இலட்சத்து மூன்று

பத்து இலட்சத்து மூன்று என்ற எண் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது என்று காட்டுவதற்கு என் சிநேகிதர் ஒரு பள்ளித் தவணை முழுவதையும் செலவழித்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரும் வாத்திமார். ஒரே வீட்டில்தான் இருந்தோம். பள்ளி விட்டதும் கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு, ஆயிரத்துக்குள் உள்ள முதன்மை எண்கள் நூற்றறுபத்தெட்டாலும் அதை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பார். அதற்கு மேலே போகத் தேவையில்லையாம். ஒவ்வொரு தடவையும் ஏதோ மிச்சம் வந்தது. ஆகவே அதுவும் முதன்மை எண்தான்.

எனக்கு அது வேலையற்ற வேலை. ஆனால் கொழும்பில் கணிதம் படிப்பித்த வெள்ளைக்காரர் ஒருவர், கணக்குச் சரியாக இருந்தால் பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துத் தருவதாக எழுதியிருந்தார். என் சிநேகிதர் அந்தக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தார். அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் நான்தான் நல்ல பிரதி எழுதினேன். தபால் போய்விடும் என்ற அவசரத்தில், அவர் பார்க்க முன்னமே உறையை ஒட்டிப் போட்டும் விட்டேன்.

பதில் இரண்டு வரியில் வந்தது. இலக்கங்களைக் கூட்டினால் ஆறு, ஆகவே மூன்றால் வகுபடும், இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்றிருந்தது.

"ஒண்டும் மூண்டும் நாலுதானே. ஆறு எங்கையிருந்து வந்தது? நீர் சரியாத்தானே எழுதினீர்?" என்று சிநேகிதர் கேட்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. தாளின் தலைப்பில் இடமில்லாததால் பிள்ளையார் சுழியை எண்ணுக்கு முன்னால், அதே வரியில் போட்டிருந்தேன். தமிழ் தெரியாத அந்த வெள்ளைக்காரர் என் உ-வை 2 என்று வாசித்து, இரண்டு கோடியே பத்து இலட்சத்து மூன்று ஆக்கிவிட்டார்; தலைப்புக்குக் கீழே பார்க்கவேயில்லை.

"ஓம், உள்ளபடிதான் எழுதினனான்" என்றேன். பயம்தான் காரணம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமையும் இருந்தது. அவர் கொழும்புக்குப் போனால் நான் இங்கேயே கிடக்க வேண்டும்.

பெரிய படிப்புப் படித்தவரை மறுத்து எழுத முன்னம் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். நூற்றறுபத்தெட்டையும் முதலிலிருந்து தொடங்கினார். சாப்பாடு குறைந்தது, வகுப்பில் கரும்பலகையிலும் அதையே வகுத்துக்கொண்டு நிற்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

அடுத்த தவணை முடிவில் ஒரு பின்னேரம் வெள்ளைத்தாளோடு வந்தார். ஒரு பிழையும் இல்லை என்றார். திரும்ப எழுதித் தரச் சொன்னார். பேனையை எடுத்தேன். என்னைக் கேளாமலே கை முதலில் உ போட்டது.

அவர் குனிந்து அந்த உ-வின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டும் நாலும் ஆறு" என்றார். பிறகு, "உமக்கு எப்ப தெரியும்?"

"கடிதம் வந்த அண்டைக்கே."

என் கைக்குக் கீழிருந்து தாளை மெதுவாக இழுத்து எடுத்தார். எதிரே இருந்து, அந்தக் கோணல் கையெழுத்திலேயே, தானே எழுதத் தொடங்கினார்.