படகுக்கு வாங்கிய லாரி பேட்டரி

சுரங்கத்தில் டம்பர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எனக்குத் தெரியாத பேட்டரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்லித் திரிந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அந்த வாய்க்கொழுப்பால் ஒரு மனிதரைப் படகிலிருந்து இறக்கி, பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன்.

அவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். என்னைவிட மூத்தவர், எனக்கு முன்னால் ரிட்டயர் ஆனவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். சுரங்க டவுன்ஷிப்பில் எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வந்தவர்கள் கரிமண்ணுக்குப் பழகிவிடுவார்கள். இவர் மட்டும் கடைசிவரை தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச்சுக்கு வெளியே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு பக்கவாதம் வந்து இடது கை பாதி விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது சேத்தியாத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியும், அதில் கட்டிப் போட்டிருந்த சின்ன ஃபைபர் படகும்தான்.

ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் அவர் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு ட்ரோலிங் மோட்டார் கொண்டுவந்து கொடுத்திருந்தார். படகின் பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார். தண்ணீருக்குள் விசிறி சுற்றும், பேட்டரியில் ஓடும், சத்தமே வராது. மீன் கலையாமல் பக்கத்தில் போய்த் தூண்டில் போடலாம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சொல்லிவைத்து வாரத்தில் மூன்று நாள் போவார். விரால் மாட்டினால் அன்றைக்கு எங்கள் வீட்டிலும் மீன் குழம்பு. மாட்டாவிட்டாலும் ஆள் சிரித்துக்கொண்டேதான் வருவார்.

ஒரு கார்த்திகை மாதம் மோட்டாரோடு வந்த பழைய பேட்டரி உயிரை விட்டது. படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. வலை போடுகிற ஒருவர் இழுத்துவந்து கரை சேர்த்தார். விஷயம் மகள் காதுக்குப் போயிற்று. ஒரே பிள்ளை, பெங்களூரில் வேலை. எனக்கே போன் போட்டுச் சொன்னாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா படகை வித்துட்டு அப்பா இங்க வந்துடணும் அங்கிள். ஒத்தக் கையோட அவரைத் தண்ணியில விட்டுட்டு எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குது."

அவளைக் குறை சொல்ல முடியாது. பெற்ற பிள்ளைக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்.

அண்ணன் மறுநாளே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீதான்யா பாத்து வாங்கித் தரணும். மறுபடி நின்னுச்சுன்னா என் கதை முடிஞ்சுது. அந்த மாடியில போய் நான் என்னய்யா பண்ணுவேன்?"

"என்கிட்ட விடுங்கண்ணே" என்றேன்.

இருவரும் வடலூரில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் அமைதியான மனிதர். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும், ஒரு தடவை போனால் எத்தனை மணி நேரம் ஓட்டுவார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, பேட்டரி ஆட்டோவுக்குப் போடுகிற பேட்டரி ஒன்றைக் காட்டினார்.

"இதான் சார் சரிப்படும். மெதுவா குடுத்துகினே இருக்கும். நல்லா எறங்கிப் போனாலும் திரும்ப ஏத்திக்கலாம்."

பக்கத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இருந்தது. அது உயரம் ஜாஸ்தி, படகு ஆடினால் ஆசிட் தளும்பும் என்று அவரே ஒதுக்கிவிட்டார்.

என் கண்ணோ கடையின் மூலையில் இருந்த லாரி பேட்டரி மேல் போயிற்று. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். எங்கள் ஷாப்பில் பேட்டரிக்கு ஒரே பரீட்சைதான். சாவியைத் திருப்பினால் டம்பர் இன்ஜின் ஒரே உறுமலில் எழும்ப வேண்டும். எழும்பினால் நல்ல பேட்டரி, முக்கினால் கழித்துப் போட வேண்டியதுதான். சுரங்கத்துக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

"எங்க டம்பர் எத்தனை டன்னு தெரியுமா பாய்? அதையே எழுப்பிவிடுற ஜாதி இது. ஒரு விசிறியைச் சுத்தாதா?" என்றேன்.

"எழுப்புறது வேற சார், ஓட்டுறது வேற."

"நீங்க விக்கிறவரு. நான் வேலை பாக்குறவன்."

பாய் பில் புத்தகத்தை எடுத்தார். அண்ணன் அந்த ஆட்டோ பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "தம்பி, அவரு சொல்றதும்..." என்று இழுத்தார்.

"அண்ணே, சும்மா இருங்க."

சும்மா இருந்தார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று லாரி பேட்டரியை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

பாய் சொன்னதுதான் சரி என்று இப்போது எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் என்னால் விளக்க முடியும். டம்பரில் பேட்டரி சில நொடிதான் உழைக்கிறது. எழும்பிய உடனே, இறங்கின சார்ஜை இன்ஜினே திரும்ப ஏற்றிவிடும். அதனால் நான் கைவைத்த பேட்டரிகளில் ஒன்றுகூட மணிக்கணக்காக உழைத்து அடிவரை இறங்கியதில்லை. படகில் அதுதான் வேலை. லாரி பேட்டரியின் மெல்லிய தகடு அப்படி இறங்கி இறங்கி ஏறினால் உள்ளேயே உதிர்ந்துவிடும். இருபத்தெட்டு வருஷமும் ஒரே மாதிரியான பேட்டரியைப் பார்த்துவிட்டு, உலகத்துப் பேட்டரியெல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் மாதம் படகு பறந்தது. அண்ணன் போனில் என்னைப் புகழாத நாள் இல்லை. தை பிறந்ததும், "முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குதுய்யா" என்றார்.

"சார்ஜ் சரியாப் போட்டிருக்க மாட்டீங்க."

"கரையேறினதுமே போட்டுட்டேனே."

"போட்டதா நெனச்சிருப்பீங்க. வயசாகுதுல்ல, நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே."

இரண்டு மூன்று தடவை இதே பேச்சு நடந்தது. ஒரு தடவையாவது போய் மீட்டர் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. அப்புறம் அவர் பேட்டரியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். போன் லாக்கரில் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் அண்ணனிடமிருந்தும் மகளிடமிருந்தும் வரிசையாக மிஸ்டு கால். அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டேன். காலையில் போன படகு திரும்புகிற வழியில் நின்றிருக்கிறது. மாத்திரை போட்டாரா என்று மகள் தினமும் மத்தியானம் போன் செய்வாள். அந்த நேரத்துக்கு அவர் நடு ஏரியில், கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்லத் தெம்பு இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டார்.

நான் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பழைய வலைக்காரரே அவரைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த வலைக்காரர் வீட்டில்தான் பேட்டரிக்கு சார்ஜ் போடுவது வழக்கம்.

"ராவு பூரா சார்ஜர்ல லைட்டு எரிஞ்சிகினுதாங்க இருந்துச்சு. நானே பாத்தேன்" என்றார் வலைக்காரர்.

மூடியைத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஆசிடை உறிஞ்சி எடுத்துப் பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர்போலக் கலங்கி வந்தது. தகடு உதிர்ந்துவிட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "விடுய்யா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மகள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். "புது பேட்டரின்னுதானே சொன்னீங்க? எப்படி நின்னுச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள்.

அண்ணன் முந்திக்கொண்டார். "அவனை ஏம்மா கேக்குற? பேட்டரி நல்ல பேட்டரிதான். நான்தான் சார்ஜ் போட மறந்துட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் போய் வேறு என்னவோ வந்தது. என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. அப்பா வேற எதையாவது மறக்கறாரா?"

என் மடத்தனத்தால் நின்றது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படகு போயிருந்தாலும் அவர் பேர் மிஞ்சியிருக்கும். நான் சொன்னது, "வயசாச்சு இல்லம்மா."

இதை எழுதும்போதும் கூசுகிறது. அவர் என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார். நான் அதற்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

படகு வலைக்காரரிடமே போயிற்று. பெங்களூரில் அண்ணனை காஸ் அடுப்புப் பக்கம் விடுவதில்லை. வீட்டுச் சாவி கொடுப்பதில்லை. கீழே நடக்கப் போனால் சட்டைப் பையில் விலாசம் எழுதின அட்டையை வைத்து அனுப்புகிறாள். அவள் பாசத்தில் செய்கிறாள், அதில் ஒரு குற்றமும் இல்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதும் சொல்லத்தான் நினைத்தேன். மகள்தான் எடுத்தாள். "அப்பாகிட்ட குடுக்கறேன் அங்கிள். முதல்ல உங்க பேரு, எங்க ஒண்ணா வேலை பாத்தீங்க, எல்லாம் சொல்லிட்டு ஆரம்பிங்க. அப்பத்தான் அவர் குழம்ப மாட்டார்."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. நான் என் பேரைச் சொன்னேன். ஷாப்பைச் சொன்னேன். எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன் என்பதையும் சொன்னேன்.

"ம், ஞாபகம் இருக்கு" என்றார் அண்ணன்.