வாசம் எழுதியவள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். பதுளைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. தேயிலைத் தோட்டங்களில் மூடிப்போன வாசிகசாலைகளின் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றின் விவரங்களை இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலில் சேர்ப்போம். யாரும் பதியலாம், எங்கிருந்தும் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் கத்துவது போதாதென்று அங்கேயும் கத்துவேன்.

என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவள் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. வேலை படு சுத்தம். ஆனால் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் புத்தகத்தின் வாசத்தை எழுதிவைப்பாள். "புகை வாசம்." "மண்ணெண்ணெய் வாசம்." இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று எரிந்து விழுவேன். சிரித்துவிட்டு அடுத்த புத்தகத்தை மோந்து பார்ப்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகல் வேளை, அவர்கள் குடியிருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் தப்பினார். இவள் வீட்டில் இருந்தாள். எவ்வளவு தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு எனக்கு அந்த அறைக்குப் போகவே பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். முதல் நாள் கரண்ட் இல்லை. வாயாலேயே சொல்லிக்கொடுத்து, "முன்னாடி இருக்கிறதப் பாத்து அப்பிடியே போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது அவர்கள் தேநீர் குடிக்க இறங்கியிருந்தார்கள். அன்றைய பதிவுகளைத் திறந்தேன்.

எல்லாம் அவள் பெயரில் இருந்தன. செத்துப்போனவளின் பெயர், அன்றைய தேதி. கடைசி வரியில், "ஈர மண் வாசம்."

 ஜன்னலைப் பனி மூடியிருந்தது. நான் உட்கார்ந்திருந்தது அவள் நாற்காலி. எனக்குப் பின்னால் யாரோ புத்தகத்தை மோந்து பார்ப்பதுபோல இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

படியேறி வந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். "யாரு இத எழுதினது?" என்று கேட்டேன்.

"நாங்கதாங்க டீச்சர். முன்னாடி இருந்ததுல வாசம்னு போட்டிருந்துச்சு. அதான் ஒவ்வொண்ணா மோந்து பாத்துப் போட்டோம்."

எங்கள் இணைப்பு ஆமை வேகம். ஒருமுறை கணக்கைத் திறந்தால் யாரும் அதை மூடுவதில்லை; கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் பெயர் அப்படியே நிற்கும். அந்தக் கம்ப்யூட்டரில் அவள் கணக்கு அவள் விட்டுப்போனபடியே திறந்து கிடந்திருக்கிறது. மூட்டையோ மழையில் நனைந்த மூட்டை. அவ்வளவுதான். நான் சிரிக்கக்கூடச் செய்தேன்.

மறுநாள் காலை டெலிபோன் அடித்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அவளுடைய அக்கா. தங்கை பதியும் புத்தகங்களை அங்கேயிருந்தே பார்க்கிறவள்.

"டீச்சர், தங்கச்சி அங்கதானே இருக்கா? நேத்து புத்தகம் போட்டிருக்கா. வாசம் எழுதியிருக்கா. அவளத் தவிர யாரு டீச்சர் வாசம் எழுதுவா?"

நடந்ததைச் சொன்னேன். கத்தியே பழகிய நான் அன்று மெல்லத்தான் பேசினேன். 

"நேத்தே தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். படத்துல இருக்கிற மாலையக் கழட்டுறேன், அவளுக்கும் சேத்து ஒல வைக்கிறேன்னு ஓடுனாங்க. நான் எப்பிடிங்க மறுபடி சொல்லுவேன்? நீங்க போய்ச் சொல்லிருங்க."

அன்றைக்கே நமுனுகுல பஸ்ஸில் ஏறினேன்.  மலை சரிந்தபின் ஒதுக்கித் தந்திருந்த தகரக் கொட்டகையின் வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் வந்த பாதையில், பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.