உள்ளே மூன்று ஃபேன், வெளியே ஒன்று

சென்ற சனிக்கிழமை. பர்கூரில் ஒரு வீட்டின் முன்னறை. கையில் புகையும் ஊதுபத்தியோடு நான் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

பூஜை இல்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தவிர, அது சாதிக் பாய் வீடு!

வாசலில் நின்ற சாதிக் பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னாண்ணா, சிபியூவுக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?"

  அந்த நிமிஷம்தான் ஊதுபத்திப் புகை, பென் டிரைவ் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் போனதும், சட்டென்று வளைந்து உள்ளே ஓடியது. எனக்குப் புல்லரித்துவிட்டது! ஐம்பத்தெட்டு வயசு ஆள் ஊதுபத்திப் புகைக்கெல்லாம் புல்லரிப்பானா என்று கேட்காதீர்கள். முதலில் கதையைக் கேளுங்கள்.

சாதிக் பாய், ஓசூரில் நான் வீடு கட்டியபோது சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டுக் கொடுத்தவர். கல் வந்து இறங்கிய நாளில் ஆரம்பித்த சிநேகம். பர்கூர் பக்கம் சின்னதாக ஒரு கட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். யூனிட்டும் வீடும் ஒரே காம்பவுண்டு.

அவர் மனைவி நசீமா. பி.காம். படித்தவர். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது என்று பன்னிரண்டு வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இப்போது முப்பத்தெட்டு வயதில் மெடிக்கல் கோடிங் படித்திருக்கிறார். டாக்டர் எழுதிய நோய், சிகிச்சை விவரங்களை இன்ஷூரன்ஸ்காரர்களுக்கான எண்களாக மாற்றும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். பெங்களூர் கம்பெனி ஒன்று இன்டர்வியூவை முடித்துவிட்டு, 'சர்ட்டிஃபிகேட் மட்டும் காட்டுங்கள், வேலை உங்களுக்குத்தான்' என்று சொல்லியிருந்தது.

அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கான பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலேயே, கம்ப்யூட்டரில், மூன்று மணி நேரம். கேமரா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். முன்கூட்டிப் பதிவு செய்த மெஷினில்தான் எழுத வேண்டும். கடைசி நேரத்தில் அக்கம்பக்கத்தில் லேப்டாப் இரவல் வாங்கினால் செல்லாது. நடுவில் சிஸ்டம் ஆஃப் ஆனால்... அவ்வளவுதான். பரீட்சை போச்சு. கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

நசீமாவின் கம்ப்யூட்டரோ நாற்பதாவது நிமிஷம் வந்தால் தானாக ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நசீமாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, இன்னிக்கும் மாடல் டெஸ்ட்ல பாதியிலயே நின்னு போச்சுண்ணா. கடைல கேட்டா உள்ள தூசி அடைச்சு சூடாவுதுன்றாங்க. திங்கக்கெழம கொண்டாங்கன்றாங்க. திங்கக்கெழம எனக்கு என்னாத்துக்குண்ணா? நீங்க பெயின்ட் ஷாப்புல இருந்தவரு. தூசின்னா உங்களுக்குத் தெரியாததா? ஒரு எட்டு வந்து பாருங்கண்ணா."

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஓசூரில் ஒரு வண்டி ஃபேக்டரியின் பெயின்ட் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். பெயின்ட் காய்வதற்குள் ஒரே ஒரு தூசி வந்து உட்கார்ந்தாலும் பெட்ரோல் டேங்க் ரிஜெக்ட். தூசியோடு அப்படி மல்லுக்கட்டியவனைப் பார்த்து 'உங்களுக்குத் தெரியாததா' என்று ஒருவர் கேட்டால்? தலைகால் புரியவில்லை எனக்கு. மறுநாள் விடிந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பையில் இரண்டு ரோல் மாஸ்கிங் டேப்.

சிபியூ பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன்.

பர்கூர் தூசி வீட்டுத் தூசி மாதிரி இல்லை. கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பார்கள். கல்லிலிருந்து உதிரும் கல்மாவும் தண்ணீரும் சேர்ந்த சேறு யூனிட் ஓரத்தில் குவிந்து கிடக்கும். ஈரமாக இருக்கிறவரைக்கும் பரம சாது. காய்ந்து ஒரு காற்றும் அடித்ததோ... பவுடர்! மூடிய பீரோவுக்குள் மடித்து வைத்த சேலையில்கூட இருக்கும் என்றார் நசீமா.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் நான் பார்த்தது பவுடர் இல்லை. பூச்சு. கொத்தனார் வந்து பூசின மாதிரி! புராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடுவதற்கு அதன் தலையில் வரிசையாக அலுமினியத் தகடுகள் இருக்கும் — ஹீட் சிங்க் என்பார்கள். அந்தத் தகடுகளுக்கு நடுவே விரல்நுனி வைத்துத் தட்டினால் சுவரைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"ஈரம் எப்படி வந்தது பாய்?"

"நாந்தாண்ணா" என்றார் சாதிக் பாய், கொஞ்சம் பெருமையாகவே. "பொட்டிக்கு முன்னாடி ஈரச் சாக்கு தொங்க வுட்டேன். ஒரு நாளைக்கு நாலு வாட்டி நனைச்சுருவேன். கல்லுல தூசி பறந்தா தண்ணிதான அடிக்கிறோம்? அதே யோசனதான்."

ஐயா சாமி! முன்னால் இருந்த ஒரே ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுத்திருக்கிறது. மற்ற ஓட்டைகள் வழியாகக் கல்மா வந்திருக்கிறது. இரண்டும் கலந்து, புராசஸர் சூட்டில் வெந்து, கெட்டியாகிவிட்டது.

"செங்கல் ஒண்ணுதான் பாய் நீங்க வெக்கல" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்ட ஆரம்பித்தோம். நானும் நசீமாவும் மாறி மாறி. இரண்டு மணி நேரம்! பிறகு சாதிக் பாயின் ப்ளோயரால் ஊதினோம். (ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போய்விடும்.) தகடுகள் பளபளத்தன. அதோடு நான் எழுந்து கை கழுவியிருக்கலாம். கழுவினேனா?

பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்தேன்.

பெயின்ட் ஷாப்காரன் புத்தி. எதன் மேல் ஒன்றும் படக்கூடாதோ, அதை டேப் போட்டு மூடு! பென் டிரைவ் ஓட்டை, டிவிடி டிரைவ் இடுக்கு, பின்பக்கத்துச் சின்னச் சின்னத் துளைகள், மேல் மூடியின் விளிம்பு... ஒன்றையும் விடவில்லை. பெட்டி மாவுக்கட்டு போட்ட கால் மாதிரி ஆகிவிட்டது. 'இனிமேல் ஒரு துகள் போகாது, நீங்கள் உட்கார்ந்து எழுதுங்கள்' என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

நசீமா மாடல் டெஸ்ட்டைத் திறந்தார். இருபத்திரண்டாவது நிமிஷம். டப். ஸ்கிரீன் கறுப்பு.

நாற்பது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்ததை இருபத்திரண்டாக்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். தூசிதான் போகாதே தவிர, காற்றும் போகாதே! நசீமா கறுப்பு ஸ்கிரீனையே பார்த்துவிட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை.

டீயோடு திரும்பி வந்தார். உட்கார்ந்தார். ஏதோ யோசனையில் கேட்டார்.

"ஏண்ணா, உங்க பெயின்ட் ஷாப்புக்குள்ள ஆளுங்க போய் வர இருப்பாங்கல்ல? கதவு தொறப்பாங்கல்ல? அப்ப தூசி வராதா?"

"வராதும்மா. உள்ள காத்த ஜாஸ்தியா அடிச்சு வெச்சிருப்போம். வெளிய விடறது கம்மி. அதனால கதவத் தொறந்தாலும் உள்ளருந்து வெளியதான் தள்ளும். வெளிய இருக்கறது உள்ள வர முடியாது."

"அப்ப ஓட்டைய அடைக்கறதில்லையா?"

"என்னாத்துக்கு அடைக்கணும்? அதான் தள்ளிக்கிட்டே இருக்கே..."

"அப்ப இந்தப் பொட்டிக்கும் அதே மாதிரி பண்ணா ஆவாதாண்ணா?"

டீ டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் காற்றுக்குள்ளேயே நின்றவன் நான். கேட்டவர் பெயின்ட் ஷாப் வாசலைக்கூட மிதிக்காதவர்! ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது ஹெல்மெட்டோடு சேர்த்து மூளையையும் லாக்கரில் வைத்துவிட்டு வருகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. எனக்கு ரிட்டயர் ஆகியும் அது திரும்பி வரவில்லை போலிருக்கிறது.

குதித்து எழுந்தேன். டேப்பையெல்லாம் பிய்த்தோம். ஃபேன்களை எண்ணினோம். முன்னால் ஒன்று — காற்றை உள்ளே இழுக்கிறது. பின்னால் ஒன்று — வெளியே தள்ளுகிறது. மேலே கலர் கலராக லைட் எரியும் இரண்டு ஃபேன், 'நல்லா கூலாகும்' என்று கடையில் பின்னாளில் மாட்டிவிட்டது — அவையும் வெளியேதான் தள்ளுகின்றன!

கணக்குப் போடுங்கள். உள்ளே ஒன்று, வெளியே மூன்று. அந்த ஒன்றின் மூக்கிலும் ஈரச் சாக்கு. பெட்டி மூச்சுக்கு என்ன செய்யும்? இருக்கிற சந்து பொந்தையெல்லாம் மூக்காக்கிக்கொண்டு உறிஞ்சும். வடிகட்டாத கல்மா, நேராக உள்ளே.

நிச்சயம் பண்ணிக்கொள்ளத்தான் ஊதுபத்தி. காற்று போகும் திசையைப் புகை காட்டிக்கொடுக்கும் இல்லையா? நான் கேட்டதும் நசீமா ஓடிப்போய்க் கொளுத்திக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரை ஆன் பண்ணினோம். ஒவ்வொரு ஓட்டையிடமும் நீட்டினேன். ஒவ்வொரு ஓட்டையும் புகையைக் குடித்தது! இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் தூசி போன பாதையைப் புகை கண் முன்னால் கோடு போட்டுக் காட்டியது. புல்லரிக்காமல் என்ன செய்யும்?

பிறகு நடந்ததெல்லாம் படுவேகம். மேலே இருந்த இரண்டு ஃபேனையும் கழற்றி முன்னால் மாட்டினேன், உள்ளே தள்ளுகிற மாதிரி. சாதிக் பாய் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து, ஏசி மெக்கானிக் ஒருவரிடம் ஃபில்டர் ஃபோம் ஒரு துண்டு வாங்கி வந்தார். நசீமா அதைக் கத்தரித்து மூன்று ஃபேனுக்கும் முன்னால் இறுக்கமாகக் கட்டினார். மேலே காலியான இரண்டு வட்டத்துக்கு மட்டும் என் மாஸ்கிங் டேப். (கொஞ்சம் மானம் மிஞ்சியது.) தரையில் கிடந்த பெட்டியைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தோம்.

உள்ளே மூன்று, வெளியே ஒன்று. ஆன்!

மறுபடியும் ஊதுபத்தி. பென் டிரைவ் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். புகை முன்னே போனது... தயங்கியது... என் மூஞ்சிக்கே திரும்பி வந்தது!

"தள்ளுதுண்ணா! தள்ளுது!" நசீமா கை தட்டிவிட்டார். சாதிக் பாய் ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம், பக்கவாட்டு, டிவிடி இடுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இங்கயும் தள்ளுது! யா அல்லா, இங்கயும்!" என்று கூவினார். திருஷ்டி கழிக்கிறேனா என்று கேட்ட அதே மனிதர்!

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். ஓட்டையால் மட்டும் தூசி வருவதில்லை. உள்ளே இழுக்கிற ஒன்று இருப்பதால் வருகிறது. அடைத்து மாளாது. உள்ளுக்குள் நிறைவாக இருந்துவிட்டால் நாலு ஓட்டை இருந்தாலும் பயமில்லை. இது கம்ப்யூட்டருக்கு மட்டுந்தானா என்று என்னைக் கேட்டு வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. ஆனால் பரீட்சை மூன்று மணி நேரமாயிற்றே? அதற்கு மேல் சோதித்துப் பார்க்க நேரமில்லை. நசீமா படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன்.

முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. சாதிக் பாய் தன் யூனிட்டை நிறுத்திவிட்டார்; பக்கத்து யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வேறு. நானும் அவரும் வெளியே புங்க மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தலை வெளுத்தது — கல்மாவில். முப்பத்தைந்து நிமிஷம். முப்பத்தெட்டு. நாற்பது... நாற்பத்தைந்து... சாதிக் பாயின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபேன் சத்தத்தைக் கேட்டால் சூடாகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே போய்க் காதை வைத்தேன். சட்டையைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். "அண்ணா! கேமராவுல உங்க தல தெரிஞ்சா பரீட்சையே கேன்சல்ணா!" சாதிக் பாய் அழாத குறை. நியாயந்தானே? மறுபடி நாற்காலிக்குத் திரும்பினேன்.

ஒரு மணி நேரம். இரண்டு. இரண்டரை. ஒரு பரீட்சைக்காக இப்படி உட்கார்ந்திருந்து எத்தனை வருஷமாயிற்று!

மூன்று மணி நேரம் முடிந்தது. கதவு திறக்கவில்லை. பத்து நிமிஷம்... பதினைந்து நிமிஷம். என்ன ஆயிற்று? கடைசி நிமிஷத்தில் காலை வாரிவிட்டதா? சாதிக் பாய் எழுந்து நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. நசீமா படியில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரே சொன்னார்.

"பாஸுங்க. ஸ்கிரீன்லயே போட்டுட்டான்."

சாதிக் பாய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கத்தியே விட்டேன். பிறகு, "அப்புறம் இவ்வளவு நேரம் உள்ள என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?" என்று கேட்டேன்.

நசீமா சிரித்தார்.

"இத்தன நாளா அதுவாதாண்ணா ஆஃப் ஆவும். இன்னிக்குதான் நானா ஆஃப் பண்ணேன்... சட்டுனு மனசு வரல."