அப்பா சட்டையைக் கழற்றிய மலை

லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் அப்பாவுக்கு ஒரு பட்டம் கட்டியிருந்தார்கள்: சப்பாத்துக் காவல்காரர். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அம்மாவும் நானும் உள்ளே போய்ச் சுற்றிக் கும்பிட்டு, விபூதி பூசி, சுண்டலும் வாங்கிக்கொண்டு வரும்வரை அப்பா வாசலில், எல்லாரும் கழற்றிப் போட்ட சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே எங்கள் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிடுவார்கள். ஊர் வழக்கம் அது. அப்பா சட்டையைக் கழற்றமாட்டார். கழற்றாமல் உள்ளே போய் நாலு பேர் திரும்பிப் பார்க்க விடவும் மாட்டார். ஆகவே வெளியில் நின்று முருகனுக்கு ஒரு கும்பிடு, பிறகு சப்பாத்துக்குக் காவல்.

"அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லுவார். ஆடி மாதத்துத் தேருக்கும் அதே பதில்தான். மற்ற ஆண்கள் வெறும் மேலோடு வியர்த்து வழிய வடம் பிடிக்கும்போது, அப்பா நீளக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக்குள் போன வேகத்தில் வெளியே வருவார், முழுதாக உடுத்தியபடி. துடைக்காத முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் குளிப்பார்களாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது சிட்னியில் சித்திக்குக் கல்யாணம் பொருந்தியது. சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர்கள் அக்காவும் அத்தானும்தான். தாரை வார்க்கிற ஆண் வேட்டியும் சால்வையுமாக, மேலில் சட்டை இல்லாமல் மணவறையில் நிற்கவேண்டும். இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்து இறங்கிய நாளிலிருந்து சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டன.

மெல்பேர்னில் ஒரு தூரத்துப் பெரியப்பா இருக்கிறார், அவர் கொடுக்கட்டும் என்றார் அப்பா. சித்தி தொலைபேசியில் அழுதார். சின்ன வயதில் தன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அத்தான் இருக்க, முகம் தெரியாத மனிதர் கையிலிருந்து தான் போகமாட்டேன் என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அந்த நிலையிலேயே நாங்கள் பெட்டி கட்டினோம்.

ஈஸ்ட் ஹாமில் டிக்கெட் விற்கிற அண்ணை ஒருவர் தேடிப்பிடித்த மலிவான டிக்கெட், டோக்கியோவில் இரண்டு இரவு தங்கிப் போவது. இடையில் வரும் பகலை வீணாக்காமல் வழிகாட்டியோடு ஒரு மலைச் சுற்றுலாவும் சேர்த்திருக்கிறது என்று அதைப் பெரிய கொடை போலச் சொன்னார். அம்மாவுக்குக் கல்யாணக் கூறைச்சேலையைப் பத்திரமாகக் கொண்டுபோகிற கவலையே போதுமானதாக இருந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

டோக்கியோவில் ஏறிய சுற்றுலா பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்திரேலியர்கள், மிச்சம் அமெரிக்கர்கள். வழிகாட்டி ஒரு சின்ன உருவப் பெண். கையில் மஞ்சள் கொடி, தலையில் வெள்ளைத் தொப்பி. இறங்கும்போதும் ஏறும்போதும் கொடியால் எங்களை எண்ணுவார். மற்றவர்களுக்கு அவருடைய இங்கிலிஷ் விளங்க நேரமெடுத்தது. அப்பாவின் இங்கிலிஷும் அவருடைய இங்கிலிஷும் மட்டும் கண்ட உடனேயே சிநேகமாகிவிட்டன. இரண்டுமே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கி நடக்கிற இங்கிலிஷ்.

ஹக்கோனே என்ற அந்த மலையில் கம்பியில் தொங்கும் பெட்டி ஒன்றில் ஏற்றினார்கள். கீழே பார்த்தால் மலை புண்பட்டுக் கிடந்தது. மஞ்சளும் சாம்பலுமான மண்ணில் இடத்துக்கு இடம் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அம்மா என் கையை நசுக்கிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். மேலே இறங்கியதும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. நான் அமெரிக்கர்களைச் சந்தேகத்தோடு பார்த்தேன். அது கந்தக நாற்றம், மண்ணுக்குள்ளிருந்து வருவது என்று வழிகாட்டி அக்கா விளக்கியதும் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

அங்கே கொதிக்கிற ஊற்றில் முட்டை அவித்து விற்றார்கள். ஓடு கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது, உடைத்தால் உள்ளே வெள்ளை. ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு வருடம் கூடுமாம். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா தொடவில்லை. அப்பா உப்பைத் தொட்டு ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

"ஏழு வருசம் கூட இருந்து என்ன செய்யப்போறியள்? சப்பாத்துக் காக்கவோ?" என்றார் அம்மா.

லண்டனை விட்டபிறகு அவர் அப்பாவோடு பேசிய முதல் நீளமான வசனம் அதுதான். அப்பா முட்டையை மென்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய விடுதிக்குப் போனோம். மரக்கட்டிடம், வாசலில் நீலத்துணித் திரைகள். சுற்றுலாவின் முக்கியமான விஷயம் இதுதான் என்று சொல்லி வழிகாட்டி அக்கா எங்களை வட்டமாக நிறுத்தி விதிகளைச் சொன்னார். வெந்நீர்க் குளம் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே மூங்கில் மறைப்பு. முதலில் வெளியே இருந்து உடம்பைத் தேய்த்துக் கழுவவேண்டும். தண்ணீருக்குள் உடுப்பு ஒன்றும் கூடாது. உடம்பு துடைக்கிற சின்னத் துவாயைக்கூடத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளவேண்டும். இந்தத் தண்ணீர் தோலுக்கு மிக நல்லது, தோலில் உள்ள எந்தக் குறையையும் மாற்றும் என்றும் சொன்னார்.

அம்மா பையிலிருந்து எடுத்து வைத்திருந்த பருத்திச் சேலைத்துண்டு கையிலேயே உறைந்து நின்றது. அதை மார்பில் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குளிப்பதுபோல் இறங்கலாம் என்று நினைத்திருந்தார் பாவம்.

"நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம். நான் பஸ்ஸில இருக்கிறன், சாமான்களைப் பாக்கவும் ஆள் வேணுமே" என்றார் அப்பா. அங்கேயும் காவல் வேலை.

அவர் திரும்பி நாலடி நடந்திருப்பார். அப்போதுதான் வழிகாட்டி அக்கா கடைசி விதியைச் சொன்னார். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய மரியாதை.

அப்பா நின்றார். திரும்பி வந்து, அதை இன்னொருமுறை சொல்லும்படி கேட்டார். அவர் சொன்னார். ஒருவரும் பார்க்கமாட்டார்களா என்றார் அப்பா. ஒருவரும் இல்லை. ஒன்றும் கேட்கவும் மாட்டார்களா? அந்தப் பெண் கொஞ்சநேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கி, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார். அப்பா அவர் கையிலிருந்து ஒரு துவாயை வாங்கிக்கொண்டு நீலத் திரைக்குள் போய்விட்டார்.

அப்பாவுக்கு இவ்வளவு வெட்கமா என்று நான் நினைத்தேன். அம்மா திரை ஆடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொன்னால் அம்மா இன்றைக்கும் கோபிப்பார். சுவரைப் பார்த்தபடி கழுவினார். வழிகாட்டி அக்கா அந்தச் சேலைத்துண்டை மெல்ல வாங்கி வைத்துக்கொண்டபோது பெற்ற பிள்ளையைப் பிரிவதுபோல் கொடுத்தார். பிறகு, தான் கண்ணை மூடிக்கொண்டால் உலகத்துக்கும் தன்னைத் தெரியாது என்ற கணக்கில், இறுக்கிக் கண்ணை மூடியபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். பால் போன்ற கலங்கல் தண்ணீர். கழுத்துவரை இறங்கியதும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறமும் கண்ணைத் திறக்கவில்லை. சூடு எலும்புவரை போனது. நான் கால்களை உதைத்துக்கொண்டு, இனிச் செத்தாலும் மனோர் பார்க் குளியலறைக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அப்போது மூங்கில் மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

பாடியது யாரென்று எனக்கு உடனே பிடிபடவில்லை. தமிழ்ப் பாட்டு. நல்ல குரல் என்று சொல்லமுடியாது, ஆனால் வஞ்சகமில்லாமல் வாயைத் திறந்து பாடுகிற குரல். ஒரு அடி முடிந்ததும் யாரோ ஒரு கிழவர் ஜப்பானிய மொழியில் எதையோ சொன்னார். பிறகு சிரிப்பு. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று அப்பாவுடையது.

"பிள்ளை! கேக்குதே?"

"கேக்குது அப்பா!"

"தண்ணி எப்பிடி?"

"சுடுது அப்பா!"

"எனக்கும் சுடுது! நல்லாச் சுடுது!" என்று கத்திவிட்டு அப்பா மறுபடியும் பாடத் தொடங்கினார். எங்களோடிருந்த ஆஸ்திரேலியக் கிழவிகள் கைதட்டினார்கள்.

அம்மா கண்ணைத் திறந்திருந்தார். யார் பார்க்கிறார்கள் என்ற நினைவே இல்லாமல் எழுந்து மறைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூங்கிலில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஏனம்மா என்றேன்.

"கந்தகம். கண்ணைக் கரிக்குது" என்றார்.

எனக்குக் கரிக்கவில்லை. பெரியவர்களின் கண் வேறுமாதிரியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மற்ற எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கொடி எண்ணிப் பார்த்ததில் ஒரு ஆள் குறைந்தது. கடைசியாக அப்பா வந்தார். முகம் சிவந்திருந்தது. துவாய் இன்னும் தலையிலேயே இருந்தது. மேல் பொத்தான்கள் இரண்டும் பூட்டாமல் கிடந்தன. அவரோடு வாசல்வரை வந்த ஒரு ஒல்லிக் கிழவர் அப்பாவைக் குனிந்து வணங்கினார். அப்பாவும் வணங்கினார். துவாய் விழுந்தது. பஸ்ஸே சிரித்தது. வழிகாட்டி அக்கா கொடியால் வாயை மூடிக்கொண்டார்.

இருட்டிக்கொண்டு வந்த மலைப்பாதையில் நான் அம்மாவின் மடியில் அரைத்தூக்கமாகக் கிடந்தேன்.

"சால்வை எவ்வளவு அகலம் வாங்கினீர்?" என்று கேட்டார் அப்பா.

"கடையில இருந்ததுகளுக்குள்ள பெரிசு அதுதான்."

"இரண்டு பக்கமும் இழுத்துப் போர்த்தா முதுகு மூடுமோ?"

"மூடும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அம்மா. பிறகு, "கிழவன் என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லை. முதுகில தண்ணி ஊத்திவிட்டார். அவ்வளவுதான்."

 அம்மாவின் கை என் தலையிலிருந்து எழுந்து அப்பாவின் பக்கம் போய்விட்டது. எனக்கு அது குறையாகத்தான் பட்டது.

சிட்னியில் கல்யாண மண்டபத்தில் அம்மா எனக்கு ஒரு பதவி கொடுத்தார். "அப்பாவுக்குப் பின்னால நில். சால்வை வழுக்காமப் பிடிச்சுக்கொண்டிருக்கவேணும். இது உன்ர வேலை, வேற ஆரும் செய்ய ஏலாது." தோழிப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு முக்கியமான வேலை இல்லை என்று நான் நிமிர்ந்து நின்றேன். அப்பா வேட்டியும் சால்வையுமாக மணவறையில் நின்றார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் பூசிய மையெல்லாம் கரைந்தது. அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, அப்பா குனிந்து சித்தியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். குனிந்த அந்த நேரத்தில் சால்வை என் பிடியிலிருந்து நழுவியது.

நான் பிறப்பதற்கு முன் ஊரில் ஆமிக்காரர் அப்பாவை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சூடாக்கிய கம்பியால் கேள்வி கேட்டார்கள். உயிரோடு விட்டார்கள். அந்த முதுகைப் பார்க்கிற எங்கள் ஆட்கள் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். எந்த முகாம், எப்படி வெளியில் வந்தாய், யாரைக் காட்டிக்கொடுத்தாய் என்று தொடங்கிவிடுவார்கள். அப்பா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதைக் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்ல அவரால் முடியாது. அதற்கு முன்னெல்லாம் கிணற்றடியில் அயலே கேட்கப் பாடிக் குளிக்கிறவராம். கல்யாணம் கட்டிய புதிதில் அந்தப் பாட்டைத்தான் அம்மா முதலில் விரும்பினாராம். இதெல்லாம் நான் பல்கலைக்கழகம் போன பிறகு அம்மா எனக்குச் சொன்னவை.

அன்றைக்கு நான் கண்டது, நீளமும் குறுக்குமாகச் சுருங்கித் தடித்துப்போன ஒரு முதுகு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெந்நீரில் கனநேரம் கிடந்தால் விரல் சுருங்காதா, அப்படித்தான். கடைசி ஆளாக வெளியே வந்தவரல்லவா. சால்வையை இழுத்து அப்பாவின் முதுகை மூடி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தோலுக்கு நல்லது என்று பொய் சொன்ன அந்த மஞ்சள்கொடி அக்காவின்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.