கொரின் சொன்ன முதல் வாசகம்

குழந்தைகளுக்கான மனநல நிபுணர் என்றால் மென்மையான குரலும் நாலு பொம்மையும் போதும் என்று ஊர் நினைக்கிறது. கொரின் ஃப்ரீசனைக் கேட்டால், பாதி வேலை கார் ஓட்டுவதுதான் என்பாள். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஒரு வட்டாரம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான். காலையில் பள்ளிக்கூடம், மதியம் மருத்துவமனை, சாயங்காலம் குடும்ப நீதிமன்றம். சாப்பாடு, பனி மூடிய சாலையில் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் சாண்ட்விச்.

இடத்துக்கு இடம் அவள் சொல்லும் முதல் வாசகம் மாறும். பள்ளியில், "நீ சொல்றது நமக்குள்ளேயே இருக்கும்." நீதிமன்றத்தில், "நீ சொல்றதை நான் ஜட்ஜ்கிட்ட சொல்லுவேன்." இதைச் சொல்லாமல் அங்கே பேச்சைத் தொடங்கவே கூடாது. இத்தனை வருடத்தில் அவள் தவறியதில்லை.

அந்தப் பிப்ரவரி சாயங்காலம் தவறிவிட்டாள். சாப்பிட மறுக்கும் ஒரு குழந்தையோடு மதியம் முழுக்க மருத்துவமனையில் மல்லாடிவிட்டு வந்திருந்தாள். நீதிமன்ற ஊழியர் டேரில் கதவைத் திறந்தபடி, "என்ன டாக்டர், உங்களையே அட்மிட் பண்ணணும்போல இருக்கே!" என்றார்.

"பெட் காலியா இருந்தா சொல்லுங்க டேரில், இப்பவே படுத்துடறேன்."

உள்ளே டெசா காத்திருந்தாள். ஏழு வயது. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். இவள் யாரோடு இருப்பது நல்லது என்று கொரின் நீதிபதிக்கு எழுதித் தர வேண்டும். நாற்காலியில் சாய்ந்ததும் பள்ளிக்கூட வாசகம் தானாக வந்து விழுந்தது: "நீ சொல்றது நமக்குள்ளேயே இருக்கும்."

டெசா நம்பிவிட்டாள். "எனக்கு அப்பா வீட்லதான் இருக்கணும். அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லலை."

கொரினுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதினால் அம்மாவின் வக்கீல் வரி விடாமல் படிப்பார்; அம்மாவுக்கும் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் குழந்தையின் ஆசை நீதிபதியை எட்டாது. அசதி என்று யாரிடம் சொல்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"டெசா, நான் தப்பு பண்ணிட்டேன்மா. இங்க நீ பேசறதை நான் ஜட்ஜ்கிட்ட சொல்லியாகணும். அதை முதல்லயே உன்கிட்ட சொல்லலை. அதனால நீ சொன்னதை நான் எழுத மாட்டேன். எனக்குப் பதிலா வெளியூர்லேருந்து வேற ஒருத்தர் வருவாங்க. சொல்லணும்னு தோணுச்சுன்னா அவங்ககிட்ட சொல்லு."

டெசா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"அவங்களும் உங்களை மாதிரி நல்லவங்களா?"

"ஆமாம்மா, ரொம்ப நல்லவங்க."

"அப்போ அவங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள் டெசா.